நாய்வீட்டைச் சுடும் கடன்காரர்

ஒரு மனுஷன் தன் வீட்டுப் பின்பக்கம் வெந்நீர்த் தொட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கார். கையில ஒரு பெரிய கைத்துப்பாக்கி. எதிரே நாய்க்காகக் கட்டின ரெண்டு மாடி மரவீடு. வேற வேலை இல்லாததால அந்த நாய்வீட்டைக் குறி பார்த்துச் சுட்டுக்கிட்டிருக்கார். நாற்பதைத் தாண்டின வயசு. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நாலு பிள்ளைங்க. தாத்தாவும் ஆயாச்சு. கடன் மட்டும் 1 கோடியே 20 லட்சம் டாலர்.

லாரி மக்மர்ட்ரி எழுதின 'டெக்சாஸ்வில்' (1987) நாவல் இப்படித்தான் ஆரம்பிக்குது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல போற தடிப் புத்தகம். அத்தியாயமெல்லாம் குட்டிக் குட்டியா இருக்கும், பஸ்ல போறப்பகூடப் படிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: திடீர்னு சத்தமாச் சிரிச்சுடுவீங்க, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாப் பார்ப்பார் :-)

யார் யாரோட சுத்தறாங்க, யார் பிள்ளை யார் வீட்டுக்குள்ள புகுந்திருக்கான், யாருக்கு இது எத்தனையாவது கல்யாணம்னு ஒரு நோட்டுல குறிச்சு வெச்சுக்கிட்டாத்தான் கணக்கு சரியா வரும். 'கலாட்டாக் காதல் நாவல்'னு ஒரு வரியில சொல்லி முடிச்சுடலாம்தான். எனக்கு என்னவோ இது ஒரு சரித்திரப் புத்தகமாத்தான் தோணுது. 1986-ல டெக்சாஸ் எண்ணெய் வட்டாரம் கவுந்து விழுந்த கதையைப் பொருளாதாரம் படிச்சவங்க நிறைய எழுதியிருக்காங்க. எத்தனை ரிக் நின்னுச்சு, எத்தனை பேங்க் மூடுச்சுன்னு அதுல கணக்கு கிடைக்கும். ஆனா வேலை நின்னுபோன ஊர்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஒரு ஆள் என்ன செய்வான்? அந்தக் கணக்கு அங்கே கிடைக்காது. இந்த நாவல்ல கிடைக்கும்.

கொஞ்சம் பெரிய பதிவு. காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

தாலியான்னு ஒரு ஊர்

கதை நடக்கற ஊரோட பேரு தாலியா. சத்தியமா நான் வைக்கலைங்க, அவர் வெச்ச பேருதான். அந்த ஊர்ல கல்யாணத்துக்கு இருக்கற மரியாதையைப் பார்த்தா, "இது தாலியா?"ன்னு நாம கேக்கற மாதிரியே இருக்கும். கிரேக்கப் புராணத்துல ஒன்பது கலைத் தேவதைகள் உண்டு. அதுல நகைச்சுவை நாடகத்துக்கான தேவதையோட பேரும் தாலியாதான்.

நாவல்ல வர்ற தாலியாவுக்கு அச்சு, மக்மர்ட்ரி வளர்ந்த ஆர்ச்சர் சிட்டி. டெக்சாஸ் மாநிலத்தோட வடக்கு ஓரம், விச்சிட்டா ஃபால்ஸ் நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். ஜனத்தொகை 2000-லகூட 2,000-த்தைத் தொடலை. நடுவுல ஒரு கோர்ட்டு கட்டடம், சுத்தி நாலு தெரு, ஒரே ஒரு போக்குவரத்து விளக்கு, கொஞ்சம் தள்ளி ஒரு டெய்ரி குவீன் கடை. அதைத் தாண்டினா புல்வெளி, வேலி, மாடு, அங்கங்கே தலையாட்டிக்கிட்டே எண்ணெய் உறிஞ்சற பம்புகள்.

மக்மர்ட்ரி 1936-ல பிறந்தவர். அப்பா, பெரியப்பா, சித்தப்பான்னு பரம்பரையே மாட்டுக்காரங்க. அவர் சின்ன வயசுல இருந்த பண்ணை வீட்ல ஒரு புத்தகம்கூடக் கிடையாது. 1942-ல போருக்குக் கிளம்பின உறவுக்காரர் ஒருத்தர் 19 புத்தகம் இருந்த ஒரு பெட்டியை இவர்கிட்ட குடுத்துட்டுப் போனார். அந்தப் பெட்டிதான் தன்னை மாத்தினதுன்னு பிற்காலத்துல தன் நினைவுக் குறிப்புகள்ல எழுதியிருக்கார்.

இந்த ஊரை வெச்சு அவர் முதல்ல எழுதினது 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' (1966). ஊர்ல இருந்த ஒரே சினிமாக் கொட்டகை மூடற காலம், 1950-களின் ஆரம்பம். டுவெய்ன், சன்னின்னு ரெண்டு நண்பர்கள், ரெண்டு பேருக்கும் நடுவுல ஜேசின்னு ஒரு அழகி. நண்பர்கள் அடிச்சுக்கிட்டதுல சன்னிக்கு ஒரு கண்ணே போயிடும். அது சோகமான புத்தகம். அதே ஆளுங்களை முப்பது வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா எப்படி இருக்கும்? அதுதான் 'டெக்சாஸ்வில்'. நாய்வீட்டைச் சுடற கடன்காரர் வேற யாருமில்ல, அந்தப் பழைய டுவெய்ன்தான். முதல் நாவல்ல ரிக்குல கூலி வேலை பார்த்த பையன். இப்ப ரிக்குகளோட முதலாளி, அதனாலதான் கடன்காரர்.

முதல்ல புல், அப்புறம் மாடு

இவங்க ஏன் இப்படி ஆனாங்கன்னு புரியணும்னா நூறு வருஷத்துக்கு மேல பின்னால போகணும். கொசுவத்தியைச் சுத்திக்கோங்க.

1870-கள் வரைக்கும் அந்த வட்டாரம் கமான்ச்சி, கயோவா இனத்தவரோட வேட்டை நிலம். 1874-ல ராணுவம் பாலோ டூரோ பள்ளத்தாக்குல அவங்க முகாம்களைத் தாக்குச்சு. மனுஷங்களைவிடக் குதிரைங்கதான் அதுல அதிகமாச் செத்தது. பிடிபட்ட குதிரைகள்ல ஆயிரத்துக்கும் மேல சுட்டுத் தள்ளினாங்க. குதிரை இல்லாம அந்தச் சமவெளியில பிழைக்க முடியாது. 1875-ல குவானா பார்க்கர் தலைமையிலான கடைசிக் கமான்ச்சிக் கூட்டமும் சரணடைஞ்சுச்சு.

இன்னொரு பக்கம், 1865-ல உள்நாட்டுப் போர் முடிஞ்சப்ப டெக்சாஸ்ல கேட்பாரில்லாம மாடு பெருகிக் கிடந்தது. உள்ளூர்ல தலைக்கு சுமார் 4 டாலர், வடக்கே நகரங்கள்ல சுமார் 40 டாலர். இந்த வித்தியாசம்தான் கௌபாயை உருவாக்குச்சு. 1867-லிருந்து கான்சஸ் மாநிலத்து ரயிலடி வரைக்கும் மந்தைகளை ஓட்டிக்கிட்டுப் போனாங்க. ரெண்டாயிரம் மூவாயிரம் மாடு, ஒரு டஜன் ஆளு, ரெண்டு மூணு மாசப் பயணம். சிஷோம் பாதை ஆர்ச்சர் சிட்டிக்குக் கிழக்கால போச்சு, மேற்கத்திப் பாதை மேற்கால போச்சு. ரெண்டுக்கும் நடுவுல நம்ம ஊர்.

இது எவ்வளவு காலம் நடந்தது? சுமார் இருபது வருஷம். அவ்வளவுதான்! 1874-ல ஜோசஃப் கிளிடன் முள்கம்பிக்கு உரிமம் வாங்கினார். திறந்த புல்வெளிக்கு வேலி வந்துச்சு. ஒரு தரப்பு ராத்திரியில வேலியை வெட்ட, இன்னொரு தரப்பு துப்பாக்கியோட காவல் காக்க, 1884-ல வேலி வெட்டறது பெருங்குற்றம்னு டெக்சாஸ் சட்டமே போட்டுச்சு. 1885-ல கான்சஸ் மாநிலம் உண்ணிக் காய்ச்சல் பயத்துல டெக்சாஸ் மாட்டுக்குக் கதவைச் சாத்திடுச்சு. 1885-86 குளிர்காலப் பனிப்புயல்ல தெற்குச் சமவெளி மாடுங்க வேலி ஓரமா ஒதுங்கி அப்படியே விறைச்சுச் செத்துச்சு. அடுத்த குளிர்காலத்துல வடக்குச் சமவெளியிலயும் அதே கதி. அதோட மாட்டுத் தொழில்ல காசைக் கொட்டின பலபேர் கதையும் முடிஞ்சது.

இருபது வருஷம் நடந்த தொழிலை வெச்சு நூத்திச் சொச்சம் வருஷமாக் கதையும் சினிமாவும் ஓடுது. மக்மர்ட்ரியோட அப்பா தலைமுறை வளர்ந்து ஆளானப்ப மந்தைப் பயணமெல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு. ஆனா வாழ்நாள் பூரா அவங்க அந்த நினைப்புலயே இருந்தாங்க. இதைத்தான் மக்மர்ட்ரி 'இன் எ நேரோ கிரேவ்' (1968) கட்டுரைகள்லயும் மாத்தி மாத்திப் பேசறார். பாசம் உண்டு, ஆனா பொய் சொல்ல மனசு வராது.

தண்ணிக்குத் தோண்டினா எண்ணெய்

அடுத்த கட்டம் இதைவிடத் தமாஷ். விச்சிட்டா ஃபால்ஸுக்குப் பக்கத்துல வேகனர்னு பெரிய பண்ணைக்காரர். மாட்டுக்குத் தண்ணி வேணும்னு கிணறு தோண்டறார், எண்ணெய் வருது. மனுஷனுக்குக் கோபம்! மாடு எண்ணெய் குடிக்குமா? ஆனா 1911-ல அதே வட்டாரத்துல, அவரோட மகள் பேரை வெச்ச எலெக்ட்ரா ஊர்ல, எண்ணெய் பீச்சி அடிச்சுச்சு. 1918-ல பக்கத்து பர்க்பர்னெட்ல இன்னொரு கிணறு. ஊரே எண்ணெய்க் கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சுச்சு. இந்தக் கூத்தை வெச்சு 1940-ல 'பூம் டவுன்'னு ஹாலிவுட் படமே வந்தது.

அப்புறம் பண்ணைக்காரன் மெதுவா எண்ணெய்க்காரனா மாறினான். மாடு பேருக்கு நிக்கும், வருமானம் பம்புல வரும். தலையில கௌபாய் தொப்பி மட்டும் அப்படியே இருக்கும்.

1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டப்ப, பீப்பாய் 3 டாலரா இருந்தது சில மாசத்துல 12 டாலரை நெருங்குச்சு. 1979-ல ஈரான் புரட்சி. 1980-ல 40 டாலர் வரைக்கும் போச்சு. விலை இன்னும் ஏறும், நூறு டாலர்கூட ஆகலாம்னு பேச்சு. பேங்க்காரங்களே வீடு தேடி வந்து கடன் குடுத்தாங்க. 1981 டிசம்பர்ல அமெரிக்காவுல ஓடின ரிக்குகள் 4,530. அது உச்சம்.

டுவெய்ன் அந்த உச்சத்துலதான் கடன் வாங்கி, ரொம்ப ஆழம் துளைக்கற நாலு ரிக்கு வாங்கினார். பன்னிரண்டாயிரம் சதுர அடியில ஒரு வீடும் கட்டினார். வெந்நீர்த் தொட்டியும் நாய்வீடும் வந்தது அப்படித்தான்.

1986

சரிவு ஒரே நாள்ல வரலை. 1982 ஜூலையில ஓக்லஹோமா சிட்டியில ஒரு கடை வளாகத்துக்குள்ள இருந்த பென் ஸ்கொயர் பேங்க் திவாலாச்சு. எண்ணெய்க் கடனை எழுதி எழுதி, அந்தக் கடன் பத்திரங்களைப் பெரிய பேங்குகளுக்கு வித்த பேங்க் அது. அதை வாங்கின சிகாகோவோட கான்டினென்டல் இல்லினாய் 1984-ல ஆடிப்போச்சு. 1985 கடைசியில சவுதி அரேபியா, 'இனி நாங்க மட்டும் உற்பத்தியைக் குறைச்சுக்கிட்டு உட்கார முடியாது'ன்னு குழாயைத் திறந்து விட்டுச்சு. அப்ப பீப்பாய் சுமார் 30 டாலர். 1986 வசந்தத்துல 10 டாலர் பக்கம் வந்துடுச்சு.

வடக்கு டெக்சாஸ் கிணறுங்க பல, நாளைக்கு நாலஞ்சு பீப்பாய் தர்ற கிழட்டுக் கிணறுங்க. 10 டாலருக்கு வித்தா பம்பு ஓட்டற செலவுக்கே காணாது. கடனுக்கு ரிக்கை அடமானம் வெச்சிருப்பாங்க. ரிக்கை வித்து அடைக்கலாம்னா, எல்லார்கிட்டயும் ரிக்கு சும்மா நிக்குது, வாங்க ஆளில்ல. 12 லட்சத்துக்குக்கூட விக்காத பொருளுக்கு 30 லட்சம் கடன் பாக்கின்னு வெச்சுக்கோங்க, அப்படி ஒரு நிலைமை. 1986 ஜூலையில நாடு முழுக்க ஓடின ரிக்குகள் வெறும் 663. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள டெக்சாஸோட பத்துப் பெரிய பேங்குகள்ல ஒன்பது கவுந்தது, இல்லாட்டி கை மாறுச்சு.

இதுல ஒரு கசப்பான வேடிக்கை கவனிச்சீங்களா? மாட்டுத் தொழில் படுத்தது 1886 வாக்குல. எண்ணெய் படுத்தது 1986. அதே வருஷம்தான் டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிஞ்ச 150-ஆவது ஆண்டு விழாவை மாநிலமே கொண்டாடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பக்கம் பேண்டு வாத்தியம், இன்னொரு பக்கம் ஏலம்.

இப்ப காதல் விஷயத்துக்கு வருவோம்

நாவல்ல டுவெய்னுக்குத் தோழி ஒருத்தி, பேரு ஜனீன். மனைவி கார்லாவுக்கு இது தெரியும். கார்லா லேசுப்பட்ட ஆளில்ல, குடிக்கறதுலயும் பேசறதுலயும் டுவெய்னை ஓரங்கட்டிடுவா. தினம் ஒரு நக்கல் வாசகம் அச்சடிச்ச டீ-சட்டை போட்டுக்கிட்டு வருவா. மூத்த பையன் டிக்கி, ஊர்ல கல்யாணமான பொம்பளைங்களா பார்த்துப் பழகறான். அதுல ஒருத்தி வீட்டுக்கு அப்பனும் போறார்! மகள் நெல்லிக்கு இருபது வயசுகூட ஆகலை, அதுக்குள்ள கல்யாணக் கணக்கு ஒரு கை விரலை நோக்கிப் போகுது. ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டும் ஊருக்கே வந்த சோதனை. ஜனீன் கொஞ்ச நாள்ல பேங்க் தலைவர் லெஸ்டர் பக்கம் சாய்ஞ்சுடறா. லெஸ்டர் மேல ஏற்கெனவே மோசடி வழக்கு. டுவெய்னுக்கோ பேங்க் கடன்.

இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஒரு தாளை எடுத்து, யார் யாருக்குக் கடன்பட்டிருக்காங்கன்னு கோடு போடுங்க. இன்னொரு தாளை எடுத்து, யார் யாரோட சுத்தறாங்கன்னு கோடு போடுங்க. ரெண்டு படமும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கும். சின்ன ஊருங்க. கடன் குடுக்கவும் அதே ஆளு, காதலிக்கவும் அதே ஆளு, கோபிச்சுக்கிட்டுப் போய் டெய்ரி குவீன்ல உட்கார்ந்தா எதிர் பெஞ்சுலயும் அதே ஆளு. பணம் ஓடினப்ப இவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் பார்க்க நேரமில்ல. பணம் நின்னதும் பார்க்க வேற எதுவும் இல்ல.

பழைய நாவல்ல இளவட்டங்க காதல்ல விழுந்ததுக்குக் காரணம், ஊர்ல எதுவுமே ஆரம்பிக்காதது. இதுல நடுவயசுக்காரங்க விழறதுக்குக் காரணம், எல்லாமே முடிஞ்சு போனது. மக்மர்ட்ரி யாரையும் கேவலப்படுத்தலை, யாருக்கும் புத்தி சொல்லவும் இல்லை. யாரோ ஒருத்தர் நம்மை இன்னும் தேடறாங்கங்கற நினைப்பு இல்லாம இந்த ஆளுங்களால காலையில எழுந்திரிக்க முடியலை. அதை அவர் பார்த்துட்டார், அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல ஜேசி திரும்பி வர்றா. இத்தாலியில சின்னச் சின்னப் படங்கள்ல நடிச்சுட்டு, பெத்த பிள்ளையைப் பறிகொடுத்துட்டு, ஆள் நொறுங்கி வந்திருக்கா. பழைய காதலி வந்தாச்சு, இனி டுவெய்ன் கதை கந்தல்னு நாம நெனைப்போம். நடக்கறதே வேற. ஜேசியும் கார்லாவும் உயிர்த்தோழிங்க ஆயிடறாங்க! மனைவி, பிள்ளைங்க, கடைசியில டுவெய்னை விட்டு ஒரு அடி நகராத அந்த நாய்கூட ஜேசி வீட்டுக்குக் குடி போயிடுது. பன்னிரண்டாயிரம் சதுர அடி வீட்ல டுவெய்ன் மட்டும். சிரிச்சுக்கிட்டே படிச்சுட்டு வந்த நான் இந்த இடத்துல கொஞ்ச நேரம் புத்தகத்தை மடிச்சு வெச்சுட்டேன். பிள்ளையை இழந்த ஒருத்திக்கு, இன்னொருத்தி தன் குடும்பத்தையே தூக்கிக் குடுக்கறா. அதை ஒரு தமாஷ் சம்பவம் மாதிரி எழுதிட்டுப் போறார் மனுஷன். கண்ணீர் வசனம் ஒண்ணுகூடக் கிடையாது.

சன்னி கதைதான் ரொம்ப வலிக்கும். இப்ப கடை கண்ணி வெச்சு மரியாதையா இருக்கற ஆளு. ஆனா நினைவு அப்பப்போ நழுவுது. தான் இன்னும் அந்தப் பழைய காலத்துல இருக்கறதா நெனச்சுக்கறார், இல்லாத சினிமாவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ஊரே கடந்த காலத்தைக் கொண்டாட விழா எடுக்கறப்ப, நிஜமாவே கடந்த காலத்துக்குள்ள போய்ட்டவர் இவர் ஒருத்தர்தான்.

நூற்றாண்டு விழா

ஆமாங்க, ஊருக்கு நூற்றாண்டு விழா. விழாக் குழுத் தலைவர்? கடன்ல மூழ்கின டுவெய்ன்தான். 'டெக்சாஸ்வில்'ங்கறது அந்த வட்டாரத்துல முதன்முதல்ல முளைச்சு, பிறகு இருந்த இடம் தெரியாமப் போன குடியிருப்போட பேரு. விழாவுக்காக அதை மறுபடி கட்டணும்னு ஏற்பாடு. அதாவது, இல்லாத ஊருக்கு ஒரு நகல். இதுல மது விக்கலாமா கூடாதான்னு பாதிரியாரோட தகராறு வேற.

விழாவுல சரித்திர நாடகம் போடறாங்க. ஊர் சரித்திரம் நூறே வருஷம்தானே, நாடகத்துக்குப் பத்தலை. அதனால ஆதாம் ஏவாள்ல இருந்தே ஆரம்பிக்கறாங்க :-) ஆதாம் டுவெய்ன், ஏவாள் ஜேசி! பழைய காதலர்கள் ரெண்டு பேரும் நடுவயசுல ஊர் முன்னால அப்படி நிக்கற காட்சியை நீங்களே படிச்சுக்கோங்க. விழா முடிவுல முட்டை வீச்சு நடக்குது. ஒரு பெரிய மனுஷன், சின்ன மனுஷன் பாக்கியில்லாம எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டையை வீசிக்கறாங்க.

சும்மா கிறுக்குத்தனம்னு தோணலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. நூறு வருஷம்னு யார் கணக்கை எங்கிருந்து எண்ணறாங்க? வேலி போட்ட நாள்ல இருந்து. அதுக்கு முன்னால அங்கே குதிரையோட வாழ்ந்தவங்க கணக்குலயே இல்ல. நடுவுல இருந்த மாட்டுக்காலம் இருபது வருஷம், அதுக்கு மட்டும் ஆயிரம் படம். எண்ணெய்க் காலம் முடியறது எல்லார் கண் முன்னாலயும் நடக்குது, அதைப் பத்தி நாடகம் போட யாரும் தயாரில்ல. சொந்த சரித்திரத்தை இப்படி ஓட்டை ஓட்டையா வெச்சிருக்கற ஊர், முட்டை வீசாம வேற என்ன செய்யும்? அடிச்சுக்கவும் ஆத்திரம் இருக்கு, அடிச்சா மறுநாள் அதே டெய்ரி குவீன்ல பக்கத்துல உட்காரவும் வேணும். முட்டைதான் சரியான ஆயுதம்.

இன்னொண்ணும் சேர்த்துப் பார்க்கணும். மக்மர்ட்ரி இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலதான் 'லோன்சம் டவ்' (1985) எழுதினார். மந்தை ஓட்டிக்கிட்டுப் போற கௌபாய்களோட பெருங்கதை. 1986-ல புலிட்சர் பரிசு. கௌபாய் மாயையை உடைக்கத்தான் எழுதினார், ஜனங்க அதையே மாயையாத் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. இன்னொரு மந்தைக் கதை வரும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தப்ப, 'அந்த வீரர்களோட பேரனுங்க இதோ'ன்னு நாய்வீட்டைச் சுடற ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

குறையே இல்லையான்னா, இருக்கு. நடுவுல நூறு பக்கம் அதே டெய்ரி குவீன், அதே சண்டைன்னு சுத்திச் சுத்தி வருது. கமான்ச்சிகளை விழாக் குழு மறந்த மாதிரியே நாவலும் கிட்டத்தட்ட மறந்துடுது. பாத்திரங்க பேர் நிறைய, பாதியில யார் யாருன்னு குழம்பிடும். முதல் நாவலைப் படிக்காம இதை எடுத்தா சன்னி வர்ற இடமெல்லாம் பாதி வலிதான் வலிக்கும்.

கதையை மிஞ்சின நிஜம்

'தி லாஸ்ட் பிக்சர் ஷோ'வை பீட்டர் போக்டனோவிச் படமா எடுத்து 1971-ல வெளியாச்சு. ஆர்ச்சர் சிட்டியிலயே படப்பிடிப்பு. எட்டு ஆஸ்கர் பரிந்துரை, பென் ஜான்சனுக்கும் குளோரிஸ் லீச்மனுக்கும் துணை நடிப்புக்கு விருது. தங்களை அசிங்கப்படுத்திட்டார்னு ஊர்க்காரங்க பல பேருக்கு எழுத்தாளர் மேல கோபம். இது போதாதுன்னு, படப்பிடிப்புலயே இயக்குநருக்கும் ஜேசியா நடிச்ச சிபில் ஷெப்பர்டுக்கும் காதல். இயக்குநரோட மனைவி போலி பிளாட் அதே படத்துக்குக் கலை வடிவமைப்பு பார்த்துக்கிட்டு அங்கேயே இருந்தாங்க. தாலியாவுல நடக்கறதெல்லாம் மிகைன்னு சொல்றவங்க இதுக்கு என்ன சொல்வாங்களோ! 1990-ல அதே இயக்குநர், ஜெஃப் பிரிட்ஜஸ், சிபில் ஷெப்பர்டு எல்லாரும் திரும்ப அதே ஊருக்கு வந்து 'டெக்சாஸ்வில்'லையும் படமா எடுத்தாங்க. இதுக்குப் பழைய வரவேற்பு கிடைக்கலை.

மக்மர்ட்ரியும் ஊரை விடலை. 1980-களின் கடைசியில அங்கேயே பழைய புத்தகக் கடை போட்டார். ஒரு காலத்துல பல கட்டடங்கள்ல சுமார் நாலு லட்சம் புத்தகம், ஊர் ஜனத்தொகையைப் போல இருநூறு மடங்குக்கு மேல! ஒரே ஒரு புத்தகம்கூட இல்லாத வீட்ல இருந்து வந்தவர் ஊருக்கே புத்தகம் மேய்ச்சார். 2012 ஆகஸ்ட்ல அதுலயும் சுமார் மூணு லட்சத்தை ஏலத்துல வித்தார். மாடு போச்சு, எண்ணெய் போச்சு, சினிமாக் கொட்டகை போச்சு, பழைய புத்தகக் காலமும் போச்சு. 2021-ல அவரும் போய்ட்டார்.

டுவெய்ன் கதையை அவர் அதோட விடலைங்க. 'டுவெய்ன்ஸ் டிப்ரெஸ்ட்' (1999), 'வென் தி லைட் கோஸ்' (2007), 'ரைனோ ராஞ்ச்' (2009)னு இன்னும் மூணு நாவல் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனார். அஞ்சுலயும் சிரிப்பு அதிகம் இருக்கறது இதுலதான், சரித்திரம் அதிகம் இருக்கறதும் இதுலதான். ஒரு தொழில் செத்தா பேப்பர்ல விலைவாசி வரைபடம் போடுவாங்க, கீழே போற கோடு ஒண்ணு இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே கார்லா டீ-சட்டை மாத்திக்கிட்டிருக்கா, டிக்கி சுவரேறிக் குதிக்கறான், சன்னி இல்லாத படத்தைப் பார்க்கறார், டுவெய்ன் துப்பாக்கியில அடுத்த குண்டைப் போடறார். யாரும் ஊரை விட்டு ஓடலை. கடன்காரனும் கடன் குடுத்தவனும் முட்டை வீசிக்கிட்டு, மறுநாள் சேர்ந்து காப்பி குடிக்கறாங்க.

முதல்ல 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ', அப்புறம் இது. இந்த வரிசையில படிங்க. நோட்டும் பேனாவும் மறக்காதீங்க, யார் யாரோடங்கற கணக்கு ரொம்ப முக்கியம் :-)